பத்தில் முதலாவது எது?

(வேலூர் மாவட்டம் ஒடுகத்தூரில் வணிகர்களும் ஆசிரியர்களும் ஊராட்சிப் பிரதிநிதிகளும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தை வெள்ளிக்கிழமையில் வைக்காமல் விட்டதற்கு முதலில் நன்றி. சந்தை நாளில் இங்கே ஒலிபெருக்கி பிடித்தால் ஆடுகளோடு போட்டி போட்டுத்தான் பேச வேண்டியிருக்கும். அவற்றின் கோரிக்கை என் கோரிக்கையைவிட அவசரமானது வேறு.

கோரிக்கையைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தமிழ்நாட்டின் 234 சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். உங்கள் தொகுதியில் நீண்ட காலமாக நிறைவேறாமல் கிடக்கும் முக்கியமான பத்துக் கோரிக்கைகளை வரிசைப்படுத்தி, பதினைந்து நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள் என்பது அதன் சாரம். ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ திட்டத்தை எல்லாத் தொகுதிகளுக்கும் விரித்தபோது போன கடிதம் அது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பாராமல் எல்லோருக்கும் போனது.

நம் நாட்டில் மனு எழுதத் தெரியாதவர் இல்லை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள், ஆண்டுக்கொரு ஜமாபந்தி, அதிகாரிகள் ஊருக்கே வரும் மனுநீதி நாள், முதல்வரின் தனிப்பிரிவு என்று மனு வாங்க எத்தனையோ வாசல்கள் திறந்திருக்கின்றன. எத்தனை மனு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதால் எது முக்கியம் என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. பத்தே பத்து என்று எல்லை வைத்ததும் நிலைமை மாறுகிறது. பதினொன்றாவதை யார் வீட்டு வாசலில் விடுவது என்று யாராவது ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும்.

அந்த ஒருவர் யார்? கடிதம் சட்டமன்ற உறுப்பினருக்குப் போனது. அவர் ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும். நடுவில் பேரூராட்சி மன்றத்துக்கோ கிராம சபைக்கோ ஒரு நாற்காலி போடப்படவில்லை. விவரமறிந்த உறுப்பினர் நாலு பேரைக் கலந்து பேசியிருப்பார். மற்ற இடங்களில் அவருக்கு நெருக்கமான நாலு பேர் அவரைக் கலந்து பேசியிருப்பார்கள். திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. கேட்பதற்கு ஓர் அரசு தயாராக இருந்தபோது, சொல்வதற்கு ஊர்கள் தயாராக இருந்தனவா என்பதுதான் என் கேள்வி.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் என்றொரு நகரம். அந்த மாநிலத்தின் சட்டமன்றம் ஜனவரியில் ஒலிம்பியா என்ற ஊரில் கூடும். அதற்கு முன்பே சியாட்டில் நகர மன்றம், இந்த ஆண்டு மாநிலத்திடம் நமக்கு என்ன வேண்டும் என்று ஓர் ஆவணம் தயாரித்து, மன்றத்தில் வைத்து ஏற்று, ஊரறிய வெளியிட்டுவிடும். பணம் கேட்பது அதில் ஒரு பகுதிதான். எந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும், நகரத்துக்கு எந்த அதிகாரம் வேண்டும், எந்த மசோதா வந்தால் எதிர்ப்போம் என்பதெல்லாம் அதில் இருக்கும். உறுப்பினர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அந்தத் தாள் அவர் மேசையில் இருக்கும். ஒடுகத்தூரையும் சியாட்டிலையும் ஒரே மூச்சில் சொல்கிறேனே என்று சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஒரு தீர்மானம் போடுவதற்கு மன்றமும் மைப்பேனாவும் போதும். இரண்டும் இங்கே உண்டு.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். 234 பேருக்கும் சேர்த்தால் 702 கோடி. தமிழ்நாட்டின் ஆண்டு நிதிநிலை அறிக்கையோ நான்கு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆயிரம் ரூபாய்க்கு இரண்டு ரூபாய்கூட உறுப்பினர்களின் கையில் நேரடியாக இல்லை. நாம் என்ன செய்கிறோம்? அந்த இரண்டு ரூபாயைத்தான் துரத்துகிறோம். எங்கள் தெருவுக்கு ஒரு சிறுபாலம், எங்கள் கோயில் பக்கம் ஓர் உயர்கோபுர விளக்கு, எங்கள் பள்ளிக்கு ஒரு சுற்றுச்சுவர், பேருந்து நிறுத்தத்தில் உறுப்பினர் பெயர் கொட்டை எழுத்தில் வரும்படி ஒரு நிழற்குடை. மிச்சமிருக்கும் 998 ரூபாய் எந்தத் துறைக்கு, எந்த மலைக்கு, எந்த மருத்துவமனைக்கு என்று முடிவாகும்போது அவையில் கையைத் தூக்கிக் கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தச் சொல்லி நாம் அவரிடம் கேட்பதே இல்லை.

சட்டமன்றத்தில் அவர் கையில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். கேள்வி நேரத்தில் துறை அமைச்சரைக் கேட்கலாம். கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவரலாம். மானியக் கோரிக்கை விவாதத்தின்போது வெட்டுத் தீர்மானம் கொடுத்து, இந்தத் துறை எங்கள் பகுதிக்கு இதைச் செய்யவில்லை என்று பதிவு செய்யலாம். மனுக்கள் குழு என்று பேரவையில் ஒரு குழு இருக்கிறது. பொதுமக்களின் மனுவை அங்கே கொண்டுசெல்லலாம். அரசு உறுதிமொழிக் குழு என்று இன்னொன்று. அமைச்சர் அவையில் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று துறைச் செயலாளரைக் கூப்பிட்டுக் கேட்பதே அதன் வேலை. மேடையில் கொடுத்த வாக்கை எந்தக் குழுவும் கேட்காது. அவைக்குறிப்பில் ஏறிய வாக்குக்குத்தான் அந்த மரியாதை. ஆகவே நம் கோரிக்கை அமைச்சர் வாயிலிருந்து அவையில் ஒரு வாக்கியமாக வர வேண்டும். ‘ஆவன செய்யப்படும்’ என்று பொத்தாம்பொதுவாக வந்தால் மறுபடி கேட்க வேண்டும்: எப்போது, எந்தத் தலைப்பில், எவ்வளவு?

சரி, ஒடுகத்தூருக்குப் பத்தில் முதலாவது எது? இங்கே யாரைக் கேட்டாலும் மேலரசம்பட்டில் அணை கட்ட வேண்டும் என்பார்கள். அதற்கு வருகிறேன். என் பட்டியலில் அது முதலில் இல்லை. கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

என் பட்டியலில் முதலில் நிற்பது மலைச்சாலை. பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்று மேலே ஜவ்வாது மலையில் மூன்று ஊராட்சிகள். அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்னக் குக்கிராமங்கள். சாமையும் கேழ்வரகும் புளியும் தேனும் அங்கிருந்து இறங்குகின்றன. உப்பும் உரமும் துணியும் இங்கிருந்து ஏறுகின்றன. சில இடங்களுக்கு இப்போது சாலை போயிருக்கிறது. போகாத இடங்களில் நோயாளியை இன்னும் டோலி கட்டித்தான் தூக்கி வருகிறார்கள். அல்லேரி மலையில் 2023 மே மாதம் நடந்ததை இந்த அவையில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாததால் உரிய நேரத்தில் சிகிச்சைக்குக் கொண்டுசேர்க்க முடியவில்லை. உடற்கூறாய்வு முடிந்து திரும்பும்போது வாகனம் பாதி வழியோடு நின்றது. மீதி வழியில் பெற்றவள் பிள்ளையின் உடலைக் கையில் ஏந்தி நடந்தாள். நாடு முழுக்கச் செய்தியாயிற்று. அதிகாரிகள் மலையேறினார்கள். எப்போதும் முதலில் உயிர் போகும்; அப்புறம்தான் கோப்பு நகரும்.

மலைச்சாலைக்குத் தடை பணம் மட்டும் என்று நினைக்காதீர்கள். பெரிய தடை காடு. காப்புக்காட்டுக்குள் சாலை போட அனுமதி வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒன்றிய அரசின் அனுமதி. நீண்ட வழி. இன்னொன்றைப் பற்றி நம் பக்கத்தில் அதிகம் பேசுவதில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் இரண்டாவது உட்பிரிவு. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை என்று பதின்மூன்று வகை வசதிகளுக்கு வனநிலத்தை விட்டுக்கொடுக்கலாம் என்கிறது அது. ஒவ்வொரு வசதிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். கிராம சபை தீர்மானத்தோடு போனால் மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே முடிவெடுக்க நடைமுறை வகுத்திருக்கிறார்கள். டெல்லி வரை போக வேண்டியதில்லை.

ஒரு ஹெக்டேர் என்றால் பத்தாயிரம் சதுர மீட்டர். ஐந்து மீட்டர் அகலத்தில் பாதை போட்டால் இரண்டு கிலோமீட்டரில் அது தீர்ந்துவிடும். ஆகவே முழு மலைச்சாலைக்கும் இந்த வழி பொருந்தாது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஒரு குக்கிராமத்துக்குப் போகும் குறுகிய இணைப்புக்குப் பொருந்தும். எந்தப் பாதை எந்த வழியில் போக வேண்டும் என்று பிரித்துக்கொள்வதே பாதி வேலை. பிரிக்காமல் ‘மலைக்குச் சாலை வேண்டும்’ என்று ஒற்றை வரியில் கேட்டால் நெடுஞ்சாலைத் துறை வனத்துறையைக் காட்டும். வனத்துறை ஊரக வளர்ச்சித் துறையைக் காட்டும். ஊரக வளர்ச்சித் துறை, மதிப்பீடு தயாராகிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

மேலே இருக்கும் ஊராட்சிகளிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சட்டத்தின்படி கூடும் கிராம சபைக்கு உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும்; வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். வருகைப் பதிவேடு கையில் இல்லாமல் எழுதிய தீர்மானம் முதல் மேசையிலேயே திரும்பிவிடும். சாமை அறுப்புக் காலத்தில் சபை கூட்டினால் ஆள் சேராது. நாளை நீங்களே குறியுங்கள்.

இங்கே கீழே இருக்கும் வணிகர் ஒருவர், கூட்டம் தொடங்குமுன் என்னிடம் கேட்டார்: “ஐயா, மலைச்சாலை பேரூராட்சி எல்லைக்குள்ளே வரலையே, அதை ஏன் நாங்க முதல்ல கேக்கணும்?” நியாயமான கேள்வி. பதிலும் அவர் கடையிலேயே இருக்கிறது. மலையிலிருந்து இறங்குகிறவர் கை நிறையப் பொருளோடு வருகிறார், பை நிறையப் பொருளோடு போகிறார். அவர் பிள்ளை இங்கே படிக்கிறது. அவர் வங்கிக் கணக்கு இங்கே இருக்கிறது. அவர் ஆட்டுக்குச் சந்தை இங்கே. அவர் வரவில்லை என்றால் ஒடுகத்தூர் மலையடிவாரத்தில் இன்னொரு கிராமம், அவ்வளவுதான். தேர்தலில் மலையும் அடிவாரமும் ஒரே அணைக்கட்டுத் தொகுதி. ஒரே உறுப்பினரிடம் இரண்டு பேரும் தனித்தனியாகப் போய் நிற்பதில் யாருக்கு லாபம்?

சாலையோடு ஒட்டியது சிகிச்சை. கட்டுவிரியன் கடித்தால் நஞ்சு நரம்பைப் பிடித்து மூச்சை நிறுத்தும்; நஞ்சுமுறி மருந்தோடு செயற்கைச் சுவாசக் கருவியும் தேவைப்படலாம். கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் கடித்தால் இரத்தம் உறையாது. மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. அதாவது, எந்த மருத்துவமனைக்கு வந்தாலும் அரசுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். இது நமக்குக் கிடைத்த நல்ல கருவி. இந்த மலைச்சரிவிலிருந்து ஓராண்டில் எத்தனை கடி, எத்தனை பேர் எங்கே அனுப்பப்பட்டார்கள் என்ற கணக்கைக் கேட்டு வாங்குங்கள். ‘மருத்துவமனையைத் தரம் உயர்த்துக’ என்று எல்லா ஊரும் கேட்கும். அந்தக் கணக்கை இணைத்து, இரவில் மருத்துவர் பணியிடம் ஒன்று, நஞ்சுமுறி இருப்பு இவ்வளவு, அணைக்கட்டு மருத்துவமனையில் சுவாசக் கருவி இயக்கப் பயிற்சி பெற்றவர் ஒருவர் என்று கேட்பது வேறு. கட்டடம் கேட்டால் கல்வெட்டு கிடைக்கும். உயிர் காப்பது ஆள்.

ஒரு விஷயம் எனக்கு ஆறவே இல்லை. இந்தியாவில் நஞ்சுமுறி தயாரிக்கப் பயன்படும் பாம்பு நஞ்சில் பெரும்பகுதியை எடுத்துத் தருகிறவர்கள் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கும் இருளர்கள். 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் அவர்களுடையது. ஒரு பழங்குடி கையில் பாம்பைப் பிடித்து நஞ்சு எடுத்துக் கொடுக்கிறது. அதே மாநிலத்தில் இந்த மலையில் இருக்கும் இன்னொரு பழங்குடிக்கு அந்த மருந்து எட்டவில்லை. நடுவில் இருப்பதெல்லாம் அரசுதான்.

அடுத்தது சந்தை. மேலோட்டமாகப் பார்த்தால் கொட்டகை, தண்ணீர், கழிப்பறை விவகாரம். உண்மையில் இந்த ஊரின் முழுக் கணக்கும் இதில்தான் இருக்கிறது. வாரச்சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமை ஆண்டுதோறும் ஏலம் போவது நம் ஊர்களின் வழக்கம். வெளியூர்க்காரர் கொண்டுவரும் ஆட்டுக்கு அவர் கட்டும் காசிலும் உள்ளாட்சிக்கு வருமானம். ஆனால் அரசு பணத்தைப் பிரிக்கும்போது அவர் இந்த ஊர்க் கணக்கில் வரமாட்டார். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என்று மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி ஒதுக்குகிறார்கள். அதைப் பிரிப்பதில் முதன்மையான அளவுகோல் மக்கள்தொகை. ஒன்றிய அரசின் 15ஆவது நிதி ஆணையம் உள்ளாட்சி மானியத்தை மாநிலங்களுக்குப் பிரித்தபோதும் மக்கள்தொகைக்கு 90, பரப்புக்கு 10 என்றுதான் எடை போட்டது. அந்த மக்கள்தொகையும் 2011 கணக்கு. அன்று பிறந்த பிள்ளைகள் இன்று பத்தாம் வகுப்பைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இரவில் இங்கே படுத்து உறங்குகிறவரை மட்டும்தான் அந்தக் கணக்கு எண்ணும். வெள்ளிக்கிழமை காலையில் இங்கே நின்று, தண்ணீர் குடித்து, குப்பை போட்டு, ஒதுங்க இடம் தேடுகிறவரை எண்ணாது. அவருக்காகக் கூட்ட வேண்டிய குப்பையும் கட்ட வேண்டிய கழிப்பறையும் பேரூராட்சி தலையில். ஒடுகத்தூருக்கு மட்டும் இந்த நிலை இல்லை. தமிழ்நாட்டின் பேரூராட்சிகளில் மலையடிவாரத்துச் சந்தை ஊர்கள் எல்லாவற்றுக்கும் இதே கதை. 6ஆவது மாநில நிதி ஆணையத்தின் காலம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. அடுத்த ஐந்தாண்டுக்கான பங்கீட்டில், சந்தை ஊர்களுக்கும் மலையடிவார ஊர்களுக்கும் வந்துபோவோர் எண்ணிக்கைக்கு ஓர் எடை கொடுங்கள் என்று கேட்க வேண்டும். ஒரு கொட்டகை ஒரு முறைதான் வரும். பங்கீட்டுச் சூத்திரத்தில் ஒரு சொல் சேர்ந்தால் ஆண்டுதோறும் பணம் வரும். சட்டமன்ற உறுப்பினரால் மட்டுமே அவையில் எழுப்பக்கூடிய கோரிக்கை இது. அதிலும் ஒருவர் எழுப்பினால் காற்றோடு போகும். ஏற்காடு, ஏலகிரி, கல்வராயன், கொல்லிமலை அடிவாரத்து உறுப்பினர்களும் சேர்ந்து எழுப்பினால் நிதித்துறை தலையை நிமிர்த்தும்.

ஒரு வாரம் தலை எண்ணினால் போதும், ஆதாரம் கிடைத்துவிடும். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் இந்த வேலையைச் செய்வார்கள். ஆசிரியர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

இப்போது அணை. உத்திரக்காவேரி ஜவ்வாது மலையில் பிறந்து, இந்த ஊர் வழியாக ஓடி, பாலாற்றில் சேர்கிறது. ஆண்டில் பெரும்பாலான நாள் மணல். மழை கொட்டினால் கரை புரளும் வெள்ளம். 2021 நவம்பரில் பாலாற்றுப் படுகை முழுக்க வெள்ளம் பார்த்தோம். அந்தத் தண்ணீரை மேலரசம்பட்டில் தேக்க வேண்டும் என்ற ஆசை நேற்றைக்கு வந்ததில்லை. தேர்தலுக்குத் தேர்தல் மேடையில் பேசப்பட்ட ஆசை. பக்கத்தில் குடியாத்தத்துக்கு மேலே மோர்தானாவில் 261 மில்லியன் கன அடி கொள்ளும் அணை வந்துவிட்டது. நமக்கு ஏன் வரவில்லை என்று கேட்பதில் தவறே இல்லை.

ஆனால் ‘அணை கட்டுக’ என்று கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. அணை என்பது ஒரே கோரிக்கை மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஏழெட்டுக் கோரிக்கைகள் இருக்கின்றன. நீர்வரத்து ஆய்வு, இடத்தேர்வு, விரிவான திட்ட அறிக்கை, மூழ்கும் வனநிலத்துக்கு ஒன்றிய அரசின் அனுமதி, அதற்கு மாற்று நிலம், பட்டா நிலம் எடுப்பு, நிர்வாக ஒப்புதல், நிதி. இவற்றில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று ஊருக்குத் தெரியாதவரை, கேட்பவருக்கும் சுகம், கொடுப்பதாகச் சொல்பவருக்கும் சுகம். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. ‘பரிசீலனையில் உள்ளது’ என்பது எந்த ஆண்டிலும் உண்மைதான். ஆகவே அணையை ஒரு படி ஒரு கேள்வியாக உடைத்துக் கேளுங்கள். இந்த ஆண்டுக்கு ஒரே கேள்வி போதும்: திட்ட அறிக்கை எந்த நிலையில் இருக்கிறது, அதை அவையில் வைப்பீர்களா? அறிக்கை வெளியே வந்தால் எவ்வளவு காடு மூழ்கும், எத்தனை ஏரிக்குத் தண்ணீர் போகும், யார் நிலம் போகும் என்பது நமக்கும் தெரியும். தெரிந்த பிறகு அணை வேண்டாம் என்றுகூட நீங்கள் முடிவு செய்யலாம். எனக்கே அதில் இன்னும் முடிவான கருத்து இல்லை.

அதுவரைக்கும் தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டுமா? இதே ஜவ்வாது மலையில் பிறக்கும் நாகநதியைப் பாருங்கள். வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஆற்றுப்படுகையில் உறைகிணறுகளும் கல் தடுப்புகளும் அமைத்தார்கள். ஓடும் நீர் நின்று, நிலத்துக்குள் இறங்கியது. சுற்றுக் கிணறுகளில் நீர் ஏறியது. 2021இல் பிரதமர் வானொலி உரையில் அதைக் குறிப்பிட்டார். அணையின் மதகு திறக்கும் விழாவுக்கு வருகிற கூட்டம் உறைகிணற்றுக்கு வராது என்பதைத் தவிர அதில் குறை எனக்குத் தெரியவில்லை. உத்திரக்காவேரியின் மேல்பகுதியிலும் ஏரி வரத்துக்கால்வாய்களிலும் அது போன்ற வேலைக்கு அணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பேரூராட்சி எல்லைக்குள் ஊரக வேலைத் திட்டம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். கிராமத்தைப் பேரூராட்சியோடு சேர்க்கிறோம் என்றால் பெண்கள் மறியலுக்கு வருவது அதனால்தான். ஆற்றின் மேல்பகுதி ஊராட்சிகளில் இருக்கிறது. வேலை அங்கே நடக்கும், நீர் இங்கே வரும்.

இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மலை ஒன்றுதான்; ஆட்சியர்கள் மூன்று பேர். 1989இல் வடஆற்காடு மாவட்டம் இரண்டானபோது ஜமுனாமரத்தூர்ப் பக்கம் திருவண்ணாமலைக்குப் போயிற்று. 2019 நவம்பரில் வேலூர் மறுபடி பிரிந்தபோது புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு திருப்பத்தூருக்குப் போயின. பீஞ்சமந்தைப் பக்கம் வேலூரிலேயே தங்கிவிட்டது. நிர்வாக வசதிக்குப் பிரித்ததில் குற்றமில்லை. மலைக்காரரின் சொந்தபந்தமும் சந்தையும் காட்டுப்பாதையும் அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. சாலை மட்டும் மாவட்ட எல்லை வந்ததும் நின்றுவிடுகிறது. மூன்று மாவட்ட ஆட்சியர்களும் மூன்று வனக்கோட்ட அலுவலர்களும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஒரே மேசையில் உட்கார வேண்டும், அதற்கு ஓர் அரசாணை வேண்டும் என்று கேளுங்கள். இதற்குத் தேநீர்ச் செலவுதான்.

இதே மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 ஜனவரியில் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்துவைக்கப் பிரதமர் ராஜீவ் காந்தியே வந்தார். அத்தனை பெரிய கண்ணாடியை மலைமேல் கொண்டுபோய் நிறுத்த முடிந்திருக்கிறது. முடியாது என்று இந்த மலையைப் பற்றி யாராவது சொன்னால் காவலூரை நினைவுபடுத்துங்கள்.

கேட்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். கொடுப்பதைப் பற்றியும் பேச வேண்டும். இந்த இடத்தில் கைதட்டல் குறையும், பரவாயில்லை. 2022 ஏப்ரலில் சொத்துவரி ஏறியபோது எல்லா ஊரிலும் முணுமுணுப்பு. அதற்குப் பின்னால், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான மானியத்தோடு 15ஆவது நிதி ஆணையம் வைத்த நிபந்தனையும் உண்டு. அந்த மானியத்திலும் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது. ஊர் தன் விருப்பப்படி செலவழிக்க மிச்சமிருந்தது கொஞ்சம்தான். வரி கட்டாத கடைக்காரர், கோரிக்கைப் பட்டியலில் கையெழுத்துப் போட முதல் ஆளாக வந்தால் அதிகாரிக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடுகிறது. நீர்நிலை வேலைக்குப் பாதி. சந்தைக்கு ஒரு கழிப்பறைத் தொகுதியை வணிகர்கள் அந்தத் திட்டத்தில் எடுத்துக்கொண்டால், பத்தில் ஓர் இடம் காலியாகும். அதை மலைக்குக் கொடுக்கலாம். ஆற்றில் கோழிக்கழிவு கொட்டுவதை நிறுத்த எந்த அமைச்சரின் உத்தரவும் தேவையில்லை.

கடைசியாகக் காலம். பெப்ரவரியில் நிதிநிலை அறிக்கை என்றால் ஜனவரியில் ஓடிப்போய் மனு கொடுப்பது நம் வழக்கம். அதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்திருப்பார்கள். துறைகள் அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகளையும் புதிய திட்ட முன்மொழிவுகளையும் பொதுவாக ஐப்பசி, கார்த்திகையிலேயே தயாரிக்கத் தொடங்கிவிடும். நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். அன்றைக்குக் கிராம சபைகள் கூடுகின்றன. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கும் 2022இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்துவிட்டன. மேலே கிராம சபையிலும் கீழே பேரூராட்சி மன்றத்திலும் ஒரே தாளை வைத்து, ஒரே வாசகத்தில் தீர்மானம் போடுங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு பக்கம் போதும்: எந்தத் துறை, எந்தப் புல எண், யாருடைய அனுமதி, எந்தத் திட்டத்தில் பணம், ஊர் தன் பங்காக என்ன செய்யும். தீர்மான எண்ணையும் தேதியையும் மேலே எழுதுங்கள். உறுப்பினரிடம் ஒரு பிரதி, ஆட்சியரிடம் ஒரு பிரதி. தோற்ற வேட்பாளரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். அடுத்த தேர்தலில் அவர் வென்றுவிடக்கூடும்.

பேரூராட்சி அலுவலகச் சுவரில் ஒரு பிரதியை ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் எந்தக் கோரிக்கை கேள்வியாயிற்று, அமைச்சர் என்ன சொன்னார் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். காரணம் கேட்டு உறுப்பினரே வருவார்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். மலையிலிருந்து வந்தவர்களுக்குப் பேருந்து நேரம் இருக்கிறது. அவர்கள் முதலில் கேட்கட்டும்.